நாய்ச் சொறியும் கைம்மருந்தும்



இரவெல்லாம் களத்தையும் பட்டியையும் காத்து நின்ற நாய்க்குச் சொறி கண்டவுடன் அதைத் துரத்திவிடுவது நியாயமன்று. கவனியாது விடுவதும் அபாயமே. கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பூச்சி தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால் இந்நோய் உண்டாகிறது. காது விளிம்பிலும், முழங்கையிலும், வயிற்றிலும் மயிர் உதிர்ந்து பொருக்குத் தட்டும். அந்நாயோடு விளையாடும் குழந்தைகளுக்கும் அரிப்புத் தொற்றும்.

ஆகையால் முதலில் நாயைத் தனியே கட்டுக. வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஆறிய நீரால் பொருக்குகளை ஊறவைத்துக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துக. தொட்டபின் கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவுக. இவை அரிப்பைத் தணிக்குமேயன்றித் தோலுக்குள் புகுந்த பூச்சியை வேரறுக்கமாட்டா.

மண்ணெண்ணெயையும் இயந்திரத்தில் கழித்த எண்ணெயையும் பூசும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். அவை தோலைப் புண்ணாக்கும்; நாய் தன் உடலை நக்குவதால் அந்நஞ்சு வயிற்றிலும் சேரும்.

கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டிப் நுண்ணோக்கியில் பார்த்து மருந்தளிப்பார். 2015-ம் ஆண்டு நோபல் பரிசுக்குக் காரணமான ஐவர்மெக்டின் அத்தகைய மருந்துகளுள் ஒன்று. ஆனால் மாட்டுக்குரிய ஊசிமருந்தை வீட்டிலேயே அளந்து நாய்க்கு இடலாகாது. அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. கோலி போன்ற சில ஜாதி நாய்கள் சிறிதளவையும் தாங்கமாட்டா.

ஒரு வீட்டில் நாய்கள் பல இருப்பின், எல்லாவற்றிற்கும் ஒருங்கே சிகிச்சை செய்வதே பலன் தரும்.