காடைக் கூண்டும் பறவைக் காய்ச்சலும்

(கடனுதவிக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



பைத்துல்மாலில் இருந்து தையல் மிஷினுக்கும் தள்ளுவண்டிக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்து வருகிறோம். இந்த முறை வந்த மனுக்களில் காடை வளர்க்கக் கேட்டவையும் இருக்கின்றன. நல்ல தொழில்தான். முட்டை 17, 18 நாளில் பொரிகிறது. ஐந்தாறு வாரத்தில் கறிக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலை போதும். ஆனால் மனுக்களில் ஒரு வரி எங்களை உறுத்தியது. "கோழியும் வாத்தும் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றோடு சேர்த்து வளர்த்துக்கொள்வோம்" என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

காடையும் கவுதாரியும் ஒரு காலத்தில் வேட்டைப் பறவைகள். கண்ணியில் பிடித்துக் கூண்டில் வைத்து விற்றதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது காட்டுப் பறவையைப் பிடிப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை. காடானாலும் கூண்டானாலும் பறவைக் காய்ச்சல் இந்த இனத்தை விடுவதில்லை.

அந்தக் கிருமியின் பழைய வீடு நீர்ப்பறவைகளின் குடல். எச்சத்தோடு வெளியேறி, குளத்துத் தண்ணீரில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் அதிக நாள். வலசை வரும் பறவைகளும் அதற்குப் பலியாகின்றன. 2021 ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்துக் கிடந்தன. பெரும்பாலும் வரித்தலை வாத்துகள். அதே இன வாத்து குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கும் வருகிறது. நமக்குப் பக்கத்திலேயே பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது, வடக்கே பழவேற்காடு இருக்கிறது. பறவை வருவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஏரிக்கு மேய்ந்துவிட்டு வரும் நம் வீட்டு வாத்து காடைக் கூண்டுக்குக் கீழே வந்து படுப்பதைத் தடுக்கலாம் அல்லவா?

வாத்து சில நேரம் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோலத் திரியும். காடை அப்படித் தாங்காது. தீனி எடுக்காமல் உறைந்து உட்காரும், கழுத்து திருகும், நடுங்கும், கழியும். பல நேரம் எந்த அடையாளமும் இல்லாமல் காலையில் கூண்டில் செத்துக் கிடக்கும். "வெள்ளைக் கழிச்சல்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க கால்நடை டாக்டராலும் முடியாது. மாதிரி போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போய்த்தான் முடிவு வரும்.

காடையால் இன்னொரு சங்கடமும் உண்டு. பறவைக் கிருமி ஒட்டிக்கொள்ளும் இடமும், மனிதர்களைத் தாக்கும் சளிக்காய்ச்சல் கிருமி ஒட்டிக்கொள்ளும் இடமும் அதன் உடம்பில் இருக்கின்றன. அதனால் கிருமிகள் கலந்து புது உருவம் எடுக்க அது தோதான பறவை. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு இந்தக் காய்ச்சல் கண்டு 6 பேர் இறந்தார்கள். ஆராய்ந்தபோது, அங்கே சந்தைக் காடைகளிடம் இருந்த வேறொரு கிருமியின் உள்கூறுகள் இந்தக் கொல்லும் கிருமியினுடையவற்றோடு ஒத்திருந்தன. உயிர்க்கோழிக் கடைகளில் காடை விற்பதையே 2002-இல் அங்கே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "நோய் கண்ட பறவையை மூச்சு இருக்கும்போதே அறுத்துவிட்டால் ஹலால்தானே, ஏன் வீணாக்க வேண்டும்?" செத்தது ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். துடித்துக்கொண்டிருப்பதை அறுப்பதன் சட்டத்தை இமாம் சொல்வார்கள். நாங்கள் சொல்வது வேறு. அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும்தான் ரத்தமும் எச்சமும் கையிலும் மூக்கிலும் படுகின்றன. ஆந்திராவின் நரசராவ்பேட்டையில் 2025 மார்ச்சில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இந்தக் காய்ச்சலில் இறந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்றைத் தின்றதாகப் பெற்றோர் சொன்னார்கள். நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் பயமில்லை, 70 டிகிரி சூட்டில் கிருமி செத்துவிடும். அடுப்புக்கு வரும் முன்புதான் ஆபத்து.

இனி பணத்தின் கணக்கு. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை எல்லாம் அரசு கொன்று புதைக்கும். சேக்காட்டின் நடுவில் நின்று ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், எத்தனை ஏழை வீட்டுக் கோழிகள் உள்ளே வருகின்றன! அப்படிக் கொல்லும் பறவைக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே நோயில் செத்ததற்குக் கிடையாது. ஆகவே மறைத்து வைப்பவருக்குத்தான் நஷ்டம் அதிகம். செத்ததை இரவோடு இரவாக ஏரியில் வீசுகிறவர் அடுத்த வீட்டு விதவையின் கோழிக்கும் சேர்த்துக் குழி தோண்டுகிறார். நோய் கண்ட ஒட்டகத்தை நலமானவற்றோடு சேர்ப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும்.

அதனால் டிரஸ்ட் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. கோழியோ வாத்தோ வைத்திருப்பவருக்குக் காடைக்குக் கடன் வேண்டுமென்றால், வலையடித்த தனி அறையும் தனி தண்ணீர்த் தட்டும் இருக்க வேண்டும். கூண்டுக்குப் போக ஒரு ஜோடி செருப்பு தனியாக வேண்டும், அதைத் தெருவுக்குப் போடக்கூடாது. சந்தையில் இருந்து வரும் பழைய முட்டை அட்டையை உள்ளே கொண்டுபோக வேண்டாம். இரண்டு மூன்று பறவைகள் சேர்ந்தாற்போல் செத்தால் அன்றே 1962-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

இதில் பெரியவர்கள் சிலர் கேட்டார்கள்: சொன்னவனின் பறவையெல்லாம் போய்விட்டால் கடனை எப்படிக் கட்டுவான்? நியாயமான கேள்வி. அந்தப் பயத்தில்தான் மறைக்கிறார்கள். முதல் நாளே தகவல் சொல்லி, அரசு பறவைகளைக் கொன்றுவிட்டால், இழப்பீட்டுப் பணத்தை அவரே வைத்துக்கொள்ளலாம். மீதிக் கடனை டிரஸ்ட் கேட்காது. இது நிர்வாகக் குழு கையெழுத்திட்ட முடிவு, கடன் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சாகிறது. படிவம் வாங்குகிறவர்கள் கூண்டு வைக்கும் இடத்தை முதலில் காட்டுங்கள், எங்களில் இருவர் வந்து பார்த்த பிறகே பணம் கைக்கு வரும்.