கல்பாக்கத்து உலையைக் கட்டிய கைகள்



அணுஉலையின் வரலாறு பெரும்பாலும் அறிவியலாளர்களின் பெயர் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதே வரலாற்றைத் தொழிற்கூடத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், எந்த நூலிலும் பெயர் ஏறாத வெல்டரும் ஃபிட்டரும் கடைசல் தொழிலாளியும் இல்லாமல் உலகில் ஓர் உலைகூட எழுந்ததில்லை என்பது விளங்கும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ரெங்கம் நகரிலிருந்தும் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் இந்த அவையில், அந்தப் பெயரில்லாத் தொழிலாளிக்கே இன்றைய பேச்சு உரியது.

யுரேனியம் என்னும் கனமான உலோகத்தின் அணுக்கருவை நியூட்ரான் என்னும் மின்னூட்டமற்ற துகள் தாக்கும்போது, அக்கரு இரண்டாகப் பிளந்து, வெப்பத்தோடு மேலும் இரண்டு மூன்று நியூட்ரான்களையும் வெளிவிடுகிறது. அவை அடுத்தடுத்த கருக்களைப் பிளக்க, பிளவு சங்கிலிபோல் தொடர்கிறது. இந்தத் தொடர்வினையைக் கட்டுக்குள் வைத்து, வெப்பத்தையோ நியூட்ரான்களையோ பயனுக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பே அணுஉலை. தொடர்வினை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளத் தொடங்கும் கட்டம் மாறுநிலை எனப்படும். உலகில் முதன்முதலாக அந்த நிலையை எட்டிய உலை 1942 டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோப் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இயங்கியது. அதை வடிவமைத்தவர் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். ஆயினும் அந்த உலைக்குரிய ஆயிரக்கணக்கான கிராஃபைட் கட்டிகளை அறுத்து, துளையிட்டு, சுமந்து, அடுக்கு மேல் அடுக்காக வைத்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அவர்களுள் ஏறத்தாழ முப்பது பேர், பள்ளிப்படிப்பை முடிக்காமல், படைக்கு அழைப்பு வருமுன் நாலு காசு சேர்க்கலாம் என்று கூலி வேலைக்கு வந்த இளைஞர்கள். கிராஃபைட் கரி முகத்திலும் மூக்கிலும் அப்பிக்கொள்ள, தாங்கள் எதைக் கட்டுகிறோம் என்பதுகூடச் சொல்லப்படாத நிலையில் அவர்கள் அடுக்கிய கட்டிகளின் மீதுதான் அணுயுகம் எழுந்தது. இந்த அவையில் இப்போது எழுந்த கைத்தட்டு, எண்பது ஆண்டுகள் தாமதமாகவேனும், அவர்களுக்கே சேரட்டும்.

அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள், பம்பாய்க்கு அருகிலுள்ள டிராம்பேயில் இந்தியாவின் முதல் உலை மாறுநிலையை அடைந்தது. சோவியத் நாட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஆசியாவின் முதல் உலையும் அதுவே. ஏறத்தாழ எட்டு மீட்டர் ஆழமுள்ள தண்ணீர்த் தொட்டிக்குள் எரிபொருளை மூழ்கவைத்து இயக்கும் அமைப்பு அது. தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொள்வதோடு, கதிர்வீச்சைத் தடுக்கும் சுவராகவும் நிற்கும். எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. இந்திய அணுத்திட்டத்தின் முன்னோடியான ஹோமி பாபாவின் வழிகாட்டுதலில் மற்ற பாகங்களும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. ஓடும் உலையிலிருந்து தண்ணீருக்குள் எழும் நீல ஒளியைப் பார்த்த பிரதமர் நேரு, அதற்கு அப்சரா எனப் பெயரிட்டார். உலைக்குப் பெயர் கிடைத்தது. அதன் குழாய்களைப் பொருத்தியவர்களின் பெயர் பொதுமக்கள் அறிந்த எந்த வரலாற்றிலும் இல்லை.

தமிழ்நாட்டின் கதை இதைவிட அழுத்தமானது. ரஜூலா கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாக் கரைக்கும் இடையே தமிழ்க் குடும்பங்களை ஏற்றி இறக்கிய காலம் முடியும் தறுவாயில், மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் அருகே கல்பாக்கம் என்னும் கடலோர ஊரில் சென்னை அணுமின் நிலையத்துக்கு அடித்தளம் தோண்டப்பட்டது. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகை நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை என்பதால், அதை அப்படியே எரிபொருளாக்க வேண்டுமானால் நியூட்ரான்களை வீணாக்காமல் அவற்றின் வேகத்தைத் தணிக்கும் பொருள் ஒன்று வேண்டும். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வகையைக் கொண்ட தண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது, அதுவே கனநீர். கனநீர் நிரம்பிய பெருந்தொட்டி கலண்ட்ரியா எனப்படும். அதன் ஊடே கிடைமட்டமாக 306 குழல்கள் செல்லும். அக்குழல்களுக்குள் எரிபொருள் இருக்கும். குழல் சிர்க்கோனியக் கலவையால் ஆனது. அதன் இரு முனைகளிலும் பொருத்தும் பாகமோ எஃகு. இவ்விரு உலோகங்களையும் பற்றவைக்க முடியாது என்பதால், எஃகுப் பாகத்துக்குள் குழலை நுழைத்து, உருளைகளைக் கொண்டு உள்ளிருந்து விரித்து, எஃகின் பள்ளங்களில் அது இறுகக் கவ்வும்படி செய்ய வேண்டும். ஓர் உலைக்கு இப்படி 612 இணைப்புகள்! சற்றே குறைவாக விரித்தால் கசியும்; சற்றே கூடினால் உலோகத்தில் இறுக்கம் தங்கிப் பின்னாளில் விரிசல் காணும். ரப்பர்ப் பால் மரத்தின் பட்டையைச் சீவும்போது கத்தி உள்மரத்தைத் தொடாமலும் பால் குறையாமலும் கோடு இழுத்த கைகளுக்கு, அந்த அளவின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதே வகை உலையை இராஜஸ்தானில் கட்ட உதவிய கனடா, 1974இல் இந்தியா பொக்ரானில் நடத்திய அணுவெடிச் சோதனைக்குப் பின் கைவிட்டுச் சென்றது. வல்லுநர் வரவில்லை, பாகமும் வரவில்லை. எம். ஆர். சீனிவாசன் போன்ற பொறியாளர்கள் முன்னின்று நடத்த, கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலை 2ஆம் நாள் மாறுநிலையை அடைந்தது. இரண்டாவது 1985இல் தொடர்ந்தது. காலம் நீண்டது, செலவும் ஏறியது, அவை உண்மைகளே. ஆனால் ஒவ்வொரு பெரிய பாகத்தையும் முதன்முறையாகச் செய்து பழகிய தொழிற்கூடங்களுக்கு அந்தக் காலம் வீண்போகவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து போக இயலாது. சில மேடைகளில் சில பேச்சாளர்கள், பழம்பாட்டில் அணு என்ற சொல் வந்திருப்பதைக் காட்டி, அணுஉலையைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டனர் என முழங்கிக் கைத்தட்டு வாங்கிச் செல்கின்றனர். அவர்கள் பாட்டைப் போற்றவுமில்லை, அறிவியலைப் போற்றவுமில்லை. உண்மையிலேயே உலை கட்டிய தமிழ்த் தொழிலாளி கல்பாக்கத்தில் வேர்வை சிந்திக்கொண்டிருந்தபோது, அவனை ஒருமுறைகூட நினையாமல், இல்லாத உலைக்கு மாலை சூட்டியவர்கள் அவர்கள். இருக்கும் பெருமையை விட்டுவிட்டு இல்லாத பெருமைக்குக் கொடி பிடிப்பது, வேர்வை சிந்தியவனுக்குச் செய்யும் இரண்டகம். அந்த மேடைக்காரர்கள் ஒருமுறையேனும் கல்பாக்கத்துக்குச் சென்று, கடற்காற்றில் நின்று, அந்தக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்!

அதே கல்பாக்கத்தில் 1971இல் நிறுவப்பட்ட உலை ஆராய்ச்சி மையம், பின்னர் 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. வேக ஈனுலையை உருவாக்குவது அதன் பணி. நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்காமல், தான் எரிப்பதைவிட அதிகமான எரிபொருளைப் புதிதாக ஈனும் வகையில் அமைக்கப்படும் உலையே ஈனுலை. இந்தியாவில் யுரேனியம் குறைவு. அணு எரிபொருளாக மாற்றக்கூடிய தோரியமோ கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் கேரளக் கரையிலும் நிறைந்து கிடக்கிறது. இயற்கை யுரேனிய உலைகள், அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் புளூட்டோனியத்தால் ஓடும் ஈனுலைகள், இறுதியில் தோரியம் என மூன்று படிகளாகப் பாபா வகுத்த திட்டத்தில், நடுப்படியே ஈனுலை. பிரான்சு நாட்டின் கடாராஷ் ஆராய்ச்சி மையத்தில் ஓடிய ரப்சோடி என்னும் உலையின் மாதிரியில் சோதனை ஈனுலை ஒன்றைக் கட்ட 1969இல் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியப் பொறியாளர் குழு ஒன்று அங்கே சென்று வடிவமைப்பில் பயின்றது. 1974க்குப் பின் இங்கும் கதவு சாத்தப்பட்டது. உலைக்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியம், அதாவது எளிதில் பிளவுபடும் பங்கைச் செயற்கையாகக் கூட்டிய யுரேனியம், பிரான்சிலிருந்து வரவில்லை.

உலை எழுந்துகொண்டிருக்கிறது, எரிபொருள் இல்லை. பணிந்து போவதா, பணியை நிறுத்துவதா என்ற கேள்விக்கு டிராம்பே ஆய்வகங்கள் மூன்றாவது விடை கண்டன. புளூட்டோனியக் கார்பைடு 70 பங்கும் யுரேனியக் கார்பைடு 30 பங்கும் கலந்த எரிபொருள். ஓர் உலையை முழுமையாக இயக்க இத்தகைய எரிபொருளை அதுவரை உலகில் எவரும் பயன்படுத்தியதில்லை. கார்பைடுத் தூள் காற்றுப் பட்டாலே தீப்பற்றும் இயல்புடையது. புளூட்டோனியமோ இம்மியளவு நுரையீரலுக்குள் சென்றாலும் பெருங்கேடு. ஆகவே வேலை முழுவதும் கையுறைப் பெட்டிக்குள் நடந்தது. காற்றை வெளியேற்றி மந்த வாயு நிரப்பிய, கண்ணாடிச் சுவர் கொண்ட அடைத்த பெட்டி அது. சுவரிலேயே பொருத்திய தடித்த ரப்பர்க் கையுறைகளுக்குள் தொழிலாளி இரு கைகளையும் நுழைத்து, தூளை அரைத்து, வில்லைகளாக அழுத்தி, சூளையில் சுட்டு, சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் குழாய்க்குள் ஒவ்வொன்றாக அடுக்கி, முனையை மூடிப் பற்றவைக்க வேண்டும். அப்படிப்பட்ட 61 குழாய்கள் சேர்ந்தால்தான் ஒரு கட்டு.  அந்த எரிபொருளைக் கொண்டு 1985 அக்டோபர் 18ஆம் நாள் கல்பாக்கத்துச் சோதனை ஈனுலை மாறுநிலையை அடைந்தது.

வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்துவது அந்தத் தொழிலாளிக்குச் செய்யும் மரியாதையாகாது. 1987 மே மாதம், எரிபொருள் கட்டு ஒன்றை உலைக்குள்ளேயே இடம் மாற்றும்போது, அதன் அடிமுனை வழிகாட்டிக் குழாய்க்குக் கீழே நீண்டிருந்த நிலையில் உலையின் மூடி சுழன்றது. அண்டையிலிருந்த கட்டுகளின் தலைகள் வளைந்தன. தொடர்ந்து வழிகாட்டிக் குழாயும் வளைந்து சிக்கிக்கொண்டது. இந்த உலையில் வெப்பத்தைச் சுமப்பது தண்ணீரன்று, உருகிய சோடியம். ஏறத்தாழ 98 டிகிரியில் உருகும் அவ்வுலோகம், காற்றுப் பட்டால் எரியும். தண்ணீர் பட்டால் கொதித்தெழுந்து வெடிக்கும். அதனூடே கண்ணால் எதையும் காணவும் முடியாது. அதற்குள் மனிதர் இறங்க வழியில்லை. உலோகச் சீவல் உள்ளே சிதறினால் சோடியம் ஓடும் பாதை அடைபடும். இத்தனை தடைகளுக்கும் நடுவே, வளைந்த குழாயைத் தொலைவிலிருந்தே அறுத்தெடுக்கும் தனிக்கருவி ஒன்று வடிவமைக்கப்பட்டது. குழாய் அறுக்கப்பட்டு வெளியே எடுக்கப்பட்டது. 1989இல் உலை மீண்டும் ஓடியது. ஈராண்டுக் காத்திருப்பு! அந்தக் கருவியைக் கடைந்தவர் யார், முதல் வெட்டின்போது கைப்பிடியைப் பிடித்திருந்தவர் யார்? விழாக்களில் சுடர் ஏற்ற அழைக்கப்பட வேண்டியவர் அவரே. அவருடைய பெயரோ எந்த மேடையிலும் ஒலித்ததில்லை.

அந்தக் கார்பைடு எரிபொருளைப் பற்றி வெளிநாட்டு வல்லுநர் பலர் கொண்ட ஐயம் காலப்போக்கில் தீர்ந்தது. தொடக்கத்தில் எச்சரிக்கையோடு வகுக்கப்பட்ட எல்லையைப் பல மடங்கு தாண்டி, 1 டன் எரிபொருளிலிருந்து 1,65,000 மெகாவாட்-நாள் வெப்பம் எடுக்கும் அளவுக்கு அது உழைத்தது. 1997இல் உலையின் மின்சாரம் மின்கட்டமைப்பில் இணைந்தது. முழுத் திறனான 40 மெகாவாட் வெப்பத்தை எட்ட 2022 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233ஐக் கொண்டு இயங்கும் காமினி என்னும் சிற்றுலையும் 1996இல் அதே வளாகத்தில் தொடங்கப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்பாக்கத்தையும் தாக்கியது. ஓடிக்கொண்டிருந்த மின்நிலைய உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பிலோ பல உயிர்கள் பறிபோயின. உலையைக் காத்த ஊழியர்களுள், வீட்டில் என்ன நேர்ந்தது என்று தெரியாமலே பணியிடத்தில் நின்றவர்களும் இருந்திருப்பர்.

மலேசியாவும் இவ்வரலாற்றுக்கு அயல் நாடன்று. சிலாங்கூரின் பாங்கியில் 1 மெகாவாட் திறனுள்ள திரிகா வகை ஆராய்ச்சி உலை 1982 ஜூன் 28ஆம் நாள் மாறுநிலையை அடைந்தது. அதன் எரிபொருளில் சிர்க்கோனியம் ஹைட்ரைடு கலந்திருப்பதால், சூடு ஏறினால் தொடர்வினை தானே தணியும்; பயிற்சிக்கும் ஆய்வுக்கும் அது ஏற்றது. ஒரு காலத்தில் ஜொகூரின் பொருளாதாரத்தைத் தாங்கிய ரப்பர்ப் பாலையும் பாங்கி ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை: கந்தகம் சேர்க்காமல், உலைகளில் உருவாக்கப்படும் கோபால்ட்-60இன் காமாக் கதிரைச் செலுத்தியே பாலைப் பதப்படுத்தும் முறையை அவர்கள் வளர்த்தெடுத்தனர். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டிலிருந்து புறப்பட்ட பால்வாளி அணுக்கதிர்க் கூடம்வரை சென்றிருக்கிறது. வாளியைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கூடத்துக்குள் நுழைய வேண்டும் என்பதே இவ்வளவு நேரப் பேச்சின் வேண்டுகோள்.

மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் ஏ வரிசை வாங்கியவருக்கும், மருத்துவம் சட்டம் முடித்தவருக்கும் இங்குள்ள விழாக்களில் ஆண்டுதோறும் பொன்னாடை போர்த்தப்படுகிறது; அது நல்ல மரபு, தொடரட்டும். அதே மேடையில், தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வெல்டிங் சான்றிதழ் பெற்ற பிள்ளையும், கடைசல் இயந்திரத்தில் தேர்ந்த பிள்ளையும் முன்வரிசையில் அமர்த்தப்பட்டு, தாய் தந்தையர் முன்னிலையில் பெயர் சொல்லி அழைக்கப்பட வேண்டும். அதற்கான பொன்னாடையின் செலவை ஏற்க இந்த அவையிலேயே மனிதர்கள் இருக்கிறார்கள். விழாக்குழுவினர் இன்றிரவே அவர்களின் பெயரை எழுதிக்கொள்ளலாம்.