பாடு இல்லாதவரின் நுரையீரல்



பழவேற்காட்டில் ஒருவரிடம் ‘உங்களுக்குப் பாடு உண்டா?’ என்று கேட்டால் சாதியைக் கேட்டதாகத்தான் அர்த்தம். ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை கட்டலாம் என்ற முறைதான் பாடு. அது காலங்காலமாகப் பட்டினவர் கையில். தலித் மீனவர்களுக்கு அதில் இடமில்லை. இருளர்கள் தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

இந்த உரிமையை ஆய்வு செய்யத்தான் போனேன். ஒரு வீட்டில் இருமல் என்னை நிறுத்தியது.

ஏரிக்குத் தெற்கே எண்ணூர் வரை அனல்மின் நிலையமும் நிலக்கரியும். தூசு தாங்கவில்லை என்று சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கத் தடை விதித்தது உயர் நீதிமன்றம், 2011-இல். நியாயம்தான். நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. நகரத்துக்கு ஆகாத தூசு குப்பத்துக்கு ஆகுமாம்!

அந்த வீட்டு அண்ணனுக்குப் பாடு இல்லை. பல வருஷம் ஒப்பந்தக் கூலியாக லாரியில் சாம்பல் ஏற்றினார். முகத்தில் துண்டு மட்டும். சாம்பலில் உள்ள சிலிக்காத் துகளைத் துண்டு தடுக்காது. அது நுரையீரலைத் தழும்பாக்கும். வேலையை விட்டாலும் தழும்பு வளரும். அவருக்கு இரண்டு தடவை டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். ‘என்ன வேலை பாத்தேன்னு ஒருத்தரும் கேக்கல தம்பி’ என்றார்.

சிலிகோசிஸ் கண்டால் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 1923 இழப்பீட்டுச் சட்டத்திலும் அந்த நோய் இருந்தது. ஆனால் வேலை பார்த்ததற்குக் காகிதம் வேண்டுமே? அண்ணனிடம் இருந்தது மேஸ்திரியின் போன் நம்பர். அதுவும் இப்போது போகவில்லை.

கேட் பாஸ் வைத்திருக்கும் தம்பிகள் யாராவது இங்கே இருந்தால், இன்றைக்கே அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.