கட்டளைக்கு எந்த மொழி?



பிற மாநிலங்களில் வாழும் நாம் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் அவ்வூர் மொழியும், அலுவலகத்தில் ஆங்கிலமோ இந்தியோ பேசுகிறோம். கேட்பவர் யார் என்று அறிந்தே மொழியைத் தேர்கிறோம். கணினிக்குக் கட்டளை எழுதும்போது மட்டும் இவ்விழிப்பு நம்மிடம் குறைந்துவிடுகிறது.

நாம் எழுதும் கட்டளைக்குப் பொருள் கண்டு கணினியிடம் சேர்ப்பிக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு ஸ்கிரிப்ட் எனப்படும். ஷெல்களும் பலவகைப்படும். யூனிக்ஸ் 7-ஆம் பதிப்புடன் 1979-இல் வந்த போர்ன் ஷெல் ஒரு பெருங்குடும்பத்தின் மூதாதை; 1989-இல் தோன்றிய பாஷ் அதன் வழிவந்தது. விண்டோஸின் சி.எம்.டி.யோ வேறு மரபினது. மாறியின் மதிப்பைப் பெற, போர்ன் மரபில் பெயருக்கு முன் டாலர் குறி இடவேண்டும், சி.எம்.டி.யில் பெயரின் இருபுறமும் சதவீதக் குறி இடவேண்டும்.

நாம் ஷெல்லைக் குறிப்பிடாவிடில் கருவிகள் தாமே ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோர் கையாளும் என்.பி.எம்., லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்.எச். என்னும் ஷெல்லையும், விண்டோஸில் சி.எம்.டி.யையும் அழைக்கிறது. ஒரே வரியை இருவேறு ஷெல்கள் படிக்கின்றன. பெங்களூரில் ஓடியது புனேயில் நிற்கிறது.

எஸ்.எச். என்ற பெயரும் எங்கும் ஒரே ஷெல்லைக் குறிப்பதன்று. 2006-இல் உபுண்டு 6.10, விரைவு கருதி, அப்பெயருக்குப் பாஷை நீக்கி டாஷ் என்னும் சிறிய ஷெல்லை அமர்த்தியது. எஸ்.எச். என்று தலைப்பிட்டுவிட்டு, பாஷ் ஏற்கும் இரட்டைச் சதுர அடைப்பில் நிபந்தனை எழுதியவர்கள் இடருற்றனர். டாஷ் அந்த அடைப்பைத் தெரியாத கட்டளையாகக் கொள்ளும். ஒரு பிழைச்செய்தியை எழுதிவிட்டு, நிபந்தனை பொய்யென்று கருதி அடுத்த வரிக்குப் போய்விடும். நின்றுபோகும் ஸ்கிரிப்டால் நேரமே வீண். தவறான வழியில் தொடர்ந்து ஓடும் ஸ்கிரிப்டோ காக்கவேண்டிய கோப்பை அழித்துவிடவும் கூடும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. நாம் அமர்ந்து தட்டும் ஷெல் வேறு. ஸ்கிரிப்டை இயக்கும் ஷெல் வேறு. 2019-இல் ஆப்பிள் நிறுவனம் புதிய பயனர்களுக்கு இசட் ஷெல்லை இயல்பாக்கியது. அதனால், தலைப்பில் பாஷ் என்று தெளிவாக எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் மாறிவிடவில்லை.

ஆகவே நாம் கொள்ளத்தக்க நெறி யாது? ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே ஷெல்லின் பெயரை எழுதுவோம். லினக்ஸும் மேக்கும் மட்டுமே எனில், எஸ்.எச். என்று எழுதி, 1992-இல் பாசிக்ஸ் வகுத்த ஷெல் இலக்கணத்துக்குள் அடங்குவோம். டாஷிலும் ஒருமுறை ஓட்டிப்பார்ப்போம். விண்டோஸும் சேருமெனில், எங்கும் ஒரே ஷெல்லை நிறுவுவோம். 2016 முதல் திறந்த மூலமாகிய பவர்ஷெல் மூன்று தளங்களிலும் இயங்கும். ஆயினும் விண்டோஸுடன் வரும் பழைய 5.1 பதிப்பு, இரட்டை 'அண்டு' குறியால் கட்டளைகளை இணைப்பதை ஏற்பதில்லை. 7-ஆம் பதிப்பு ஏற்கும். எனவே பதிப்பையும் குறிப்பிடல் வேண்டும். பணி நீண்டு சிக்கலாகுமெனில் ஷெல்லை விடுத்துப் பைத்தானில் எழுதுவதே நலம்.

ஆணை எழுதுவோர் தம் வசதியைக் காட்டிலும் அதை நிறைவேற்றுவோரின் மொழியைக் கருதவேண்டும் என்பது அலுவலகங்கள் அறிந்த பழைய நெறி. கணினிக்கும் அந்நெறியே பொருந்தும்.