படத்துக்குக் கீழே ஒரு பெயர்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த தோழியர் நால்வர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



புகைப்படக்கலையை நாங்கள் நால்வரும் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. 2020 ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தெரணியகலை, கஹவத்தை, கொழும்பு, கனடா என்று ஆளுக்கொரு இடத்தில் அடைபட்டிருந்தோம். கையில் இருந்தது தொலைபேசி மட்டும். மாதம் ஒரு இணையவழிப் போட்டிக்குப் படம் அனுப்புவது, கட்டணம் கேட்கும் போட்டிப் பக்கமே போவதில்லை என்று பேசிக்கொண்டு தொடங்கினோம்.

முதல் ஆண்டு முழுவதும் தோல்விதான் எங்களுக்கு ஆசிரியை. முதற்படம் நடுவர்களிடமே போகவில்லை. வொட்ஸ்அப்பில் எங்களுக்குள் பகிர்ந்த படத்தையே போட்டிக்கும் அனுப்பியிருந்தோம். அப்படி வரும் படம் வழியிலேயே சுருங்கிவிடும் என்பது அப்போது தெரியாது. அடுத்து, உச்சி வெயிலில் எடுத்த கொழுந்து மலை. முக்காட்டு நிழலில் முகங்களே தெரியவில்லை. வெற்றி பெற்ற படங்களை எங்களுடையவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனிக்கப் பழகினோம். பிறகு விடியலில், பால் வெட்டும் நேரத்தில், இறப்பர் மலைக்குப் போனோம். விரலால் பெருப்பித்து எடுப்பதைவிட நாலடி கிட்டப் போவது மேல் என்பதையும் அங்கேதான் கற்றோம். இருபது வருடமாக நடந்த பாதையை அந்தக் காலக்கெடுக்கள் மறுபடி பார்க்க வைத்தன.

இரண்டாம் ஆண்டு ஒரு படத்துக்குப் பாராட்டுக் கிடைத்தது. எங்களில் ஒருவரின் பெரியம்மா, படங்கு கட்டி, கூடையோடு மழையில் நிற்கும் படம். சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏன் பிள்ள, கீழ ஒம் பேரு போட்டிருக்கு. எம் பேரு எங்க?”

எங்களிடம் பதில் இல்லை. படத்தின் கீழே ‘தேயிலைத் தொழிலாளி, இலங்கை’ என்றுதான் எழுதியிருந்தோம். அவர் கையால் சோறு வாங்கித் தின்று வளர்ந்த நாங்களே அப்படி எழுதியிருந்தோம்.

இது புதிய கதையும் அல்ல. உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் 48 வயதில், 1863இல், முதல் கெமராவைப் பெற்றவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எடுத்த படங்களில் ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’. எடுத்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும். நின்றவர்களின் பெயர்களைத் தலைப்பு சொல்லவில்லை. தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா அட்டையிலும் எங்கள் அம்மாமாரின் முகங்களும் அப்படித்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கின்றன.

அதற்குப் பிறகுதான் போட்டி விதிகளைக் கடைசி வரிவரை வாசித்தோம். அனுப்பும் படத்தைக் காசு தராமல் விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று சில போட்டிகளில் நாமே சம்மதம் கொடுத்துவிடுகிறோம். நெதர்லாந்தில் 2010இல் தொடங்கிய நினைவுச்சின்னப் போட்டி போன்ற விக்கிமீடியாப் போட்டிகளில் கட்டணம் இல்லை. விவரத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் அங்கே ஏற்றிய படத்தை யாரும், வியாபாரத்துக்குக்கூட, எடுத்துக்கொள்ளலாம். கோயிலையும் ஆற்றையும் அப்படிக் கொடுக்கலாம். பெரியம்மாவின் முகத்தைக் கொடுக்க நாங்கள் யார்?

ஆகவே இப்போது எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எடுக்குமுன் கேட்போம். அனுப்புமுன், படம் எங்கெல்லாம் போகக்கூடும் என்று சொல்லி மறுபடி கேட்போம். அவர் விரும்பினால் பெயரையும் தோட்டத்தையும் எழுதுவோம்; வேண்டாம் என்றால் படம் எங்களோடு இருக்கும். பரிசு வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பிரதியை டவுனில் அச்சிட்டு வீட்டில் கொடுப்போம். அடையாள அட்டைப் படம் தவிர வேறு படமே இல்லாத பெரியவர்கள் எங்கள் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். பெரியம்மாவின் படம் இப்போது அவர் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கீழே அவர் பெயரை எழுதியது அவருடைய பேத்தி.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. வீடுகள் புதைந்த இடத்தில் படங்களும் மிஞ்சுவதில்லை. உங்கள் வீட்டிலுள்ள பழைய வகுப்புப் படங்களை வெளியே எடுங்கள். முன்வரிசையில் இருக்கும் ஆசிரியைகளின் பெயர்கள் பெரும்பாலும் அச்சிலேயே இருக்கும். பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை நினைவிருக்கும்வரை பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரு பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது வொட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அந்தப் பாடத்தை உங்களுக்காக நாங்கள் ஏற்கனவே படித்துவிட்டோம்.