மாட்டின் வயிற்று நுண்ணங்கிகளும் பொட்டலத்து நுண்ணங்கிகளும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



நெல்லையும் காய்கறியையும் பற்றிப் பேசவேண்டிய போதனாசிரியன் மாட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது ஏன் என உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மாட்டுக்கு நோய் வந்தால் மருந்து சொல்லவேண்டியவர் அரசாங்க மிருக வைத்தியர். அவருடைய கடமையில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் மாடு தின்னும் வைக்கோல் உங்கள் வயலில் விளைவது. தவிடு உங்கள் நெல்லிலிருந்து வருவது. அறுவடைக் காலத்தில் மாடு வாய்வைத்து மாண்டுபோவதும் உங்கள் நெற்குவியலிலேதான். ஆகவே இவ்விடயம் கமத்துக்குப் புறம்பானதன்று.

புறோபயோற்றிக் என்னும் பெயரால் தூளாகவும் பசையாகவும் திரவமாகவும் பலவகைச் சேர்க்கைகள் இக்காலத்தில் மாட்டுத்தீனோடு கலந்து கொடுப்பதற்கென விற்கப்படுகின்றன. இவற்றில் உள்ளவை உயிருள்ள நுண்ணங்கிகள்: மதுவமும், தயிரைப் புளிக்கச் செய்யும் வகையைச் சேர்ந்த பற்றீரியாக்களும், வேறு சிலவும். நாம்பன்களை வாங்கி ஆறேழு மாதம் கட்டி வளர்த்து இறைச்சிக்கு விற்பவர்கள், "இதனைக் கொடுத்தால் மாடு கொழுக்குமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. வெறும் வைக்கோல் தின்னும் மாட்டுக்காக நீங்கள் முதலிற் செலவிடவேண்டிய காசு இப்பொட்டலத்துக்கு உரியதன்று என்பதே என் விடை. அதற்குக் காரணம் சொல்லவேண்டியது என் பொறுப்பு.

மாட்டின் வயிறு நான்கு அறைகளை உடையது. முதல் அறையாகிய பெருவயிறு மற்றெல்லாவற்றிலும் பெரியது. அது ஏறக்குறைய 39 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றுப் புகாது, இரவும் பகலும் நொதித்துக்கொண்டிருக்கும் ஒரு பெருந்தாழி போன்றது. அதிலுள்ள நீரில் ஒரு துளியை எடுத்தாலும் அதனுள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் இருக்கும். புறற்றோசோவாக்களும் பங்கசுகளும் வேறு. வைக்கோலின் நாரைச் சீரணிக்கும் ஆற்றல் மாட்டுக்கு இல்லை. அவ்வேலையைச் செய்வன இந்நுண்ணங்கிகளே. அவை நாரைச் சிதைத்து விடும் அமிலங்களே மாட்டின் உடலுக்குச் சத்தியிற் பெரும்பங்கைத் தருகின்றன. பின்னர் அந்நுண்ணங்கிகளும் தீனோடு அடுத்த அறைகளுக்குள் தள்ளப்பட்டுச் சீரணிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆதலால் நாம் மாட்டுக்குத் தீன் வைக்கிறோம் என்று நினைக்கிறோமேயன்றி, உண்மையில் தீன் வைப்பது அதன் வயிற்றிலுள்ள இக்கூட்டத்துக்கேயாம்.

இனி, பொட்டலத்தில் ஒரு வேளைக்கென இருக்கும் நுண்ணங்கிகள் எத்தனை கோடியாயினும், பெருவயிற்றில் ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒப்பிட்டால் அவை குளத்திற் கொட்டிய ஒரு குடம் நீரே. அங்கே இடம்பிடித்து நிலைப்பனவும் மிகச் சில. பெரும்பாலானவை தீனோடு கழிந்துவிடும். அதனாலேயே அவற்றை நாள்தோறும் கொடுக்கும்படி விற்பவர் சொல்கின்றனர்.

அவ்வாறாயின் அவை பயனற்றவையா? அன்று. அவை எந்த நாட்டில் எத்தகைய மாட்டுக்குப் பயன்பட்டன என்று பார்க்கவேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தெக்சாஸ், கன்சாஸ், நெபிராஸ்கா மாநிலங்களில் பல்லாயிரம் மாடுகளை ஒரே வளவில் அடைத்து, சோளமே பெரும்பங்கான தீனைக் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள். அங்கே ஒரு மாடு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ வரையில் எடை கூடுகின்றது. அவ்வளவு தானியம் தின்னும் மாட்டின் பெருவயிறு எந்நேரமும் புளிப்பேறும் ஆபத்தில் இருக்கும். அப்புளிப்பைத் தணிக்கவே மதுவமும், இலக்ரிக் அமிலத்தை உண்டு அழிக்கும் பற்றீரியாக்களும் கொடுக்கப்படுகின்றன. முன்னர் வளர்ச்சிக்கென்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் தீனிற் கலந்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அதனைத் தடைசெய்தது. அமெரிக்காவிலும் மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகளை மாட்டின் வளர்ச்சிக்கெனக் கலத்தல் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் புறோபயோற்றிக்குகளுக்குத் தேவை இன்னும் மிகுந்தது. சில பற்றீரியா வகைகள் எடைக்காக அன்றி, இறைச்சி மூலம் மனிதருக்கு நோய் தரும் ஒரு கொடிய ஈ. கோலை பற்றீரியா சாணத்தில் வெளியேறுவதைக் குறைப்பதற்காகவும் கொடுக்கப்படுகின்றன.

இத்தகைய வளவுகளில், பலன் கிடைத்த இடங்களிற்கூட, எடை கூடும் வேகம் 2 அல்லது 3 வீதமே உயர்ந்தது. பல சோதனைகளில் வேறுபாடே காணப்படவில்லை. 3 வீதம் என்றே வைத்துக் கணக்கிடுவோம். நாளுக்கு 1,500 கிராம் கூடும் அமெரிக்க மாட்டுக்கு அது 45 கிராம். 150 நாளில் ஆறே முக்காற் கிலோ. பத்தாயிரம் மாடு வைத்திருப்பவருக்கு அது 67,500 கிலோ. அவர் வாங்குவதில் நியாயமுண்டு. வைக்கோலும் சிறிது தவிடும் தின்று நாளுக்கு 300 கிராம் கூடும் உங்கள் நாம்பனுக்கோ அது 9 கிராம். 90 நாளில் 810 கிராம். ஒரு கிலோவும் இல்லை. அதற்கு வியாபாரி தரும் விலையையும் மூன்று மாதத்துப் பொட்டலங்களின் விலையையும் வீட்டில் இருந்து கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலும் வியாபாரி மாட்டைக் கண்ணால் மதித்தே விலை பேசுகிறார். 810 கிராம் அவர் கண்ணுக்குத் தென்படுமா என்பதும் ஐயமே.

நம் மாடுகளின் பெருவயிற்றில் நுண்ணங்கிகள் இல்லாத குறை இல்லை. உள்ள நுண்ணங்கிகள் பட்டினி கிடப்பதே குறை. நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 5 வீதந்தான். நாரைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் செவ்வனே பெருகுவதற்குத் தீனில் ஏறக்குறைய 7 வீதமாவது வேண்டும். அது கிடையாதபோது அவை குறைகின்றன. வைக்கோல் சிதையாமல் வயிற்றிலேயே கிடக்கின்றது. வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேலும் தின்ன மறுக்கின்றது. வயிறு பருத்து விலா எலும்பு தெரிய நிற்கும் மாடுகளை வரட்சிக் காலத்தில் நீங்கள் காணவில்லையா? அந்த மாட்டுக்குப் பொட்டலம் கொடுப்பது, பசித்திருக்கும் வேலையாட்கள் நடுவே மேலும் நாலு பேரைச் சோறின்றி அனுப்புவதை ஒக்கும்.

பட்டினி தீர்க்கும் வழி உங்கள் பசளை மூடையிலேயே உண்டு. 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைக்கவேண்டும். வைக்கோலைப் படைபடையாகப் பரப்பி, ஒவ்வொரு படைக்கும் பூவாளியால் அந்நீரைத் தெளித்து, நன்றாக மிதித்து இறுக்கி, காற்றுப் புகாதபடி பொலித்தீனால் மூடுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் 10 முதல் 14 நாள் போதும். யூரியா அமோனியாவாக மாறி நாரைத் தளர்த்தும். நுண்ணங்கிகளுக்கு வேண்டிய நைதரசனும் வைக்கோலில் ஏறும். திறக்கும்போது வைக்கோல் கருமஞ்சள் நிறமாகி, மூக்கைத் துளைக்கும் மணம் வீசும். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து, மணம் தணியும்வரை காற்றாட விட்டு, பின்னரே போடவேண்டும். முதல் நாட்களிற் சில மாடுகள் முகஞ்சுளிக்கும். சாதாரண வைக்கோலோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்கினால் விரும்பித் தின்னும். இம்முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1980களிலேயே இலங்கையில் இதனை ஆராய்ந்து கமக்காரர் வளவுகளிற் செய்துகாட்டினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. யூரியா கரைத்த நீரை மாடு ஒருபோதும் குடிக்கக் கூடாது. குடித்தால் சிறிது நேரத்திலேயே இறந்துவிடும். வாளியையும் பீப்பாவையும் உடனே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இவ்வைக்கோலைக் கொடுக்கலாகாது.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு யூரியாவுக்கு நீங்கள் பட்ட பாடு மறந்திராது. நெல்லுக்கே எண்ணி இடும் யூரியாவை மாட்டுக்குச் செலவிடுவதா எனக் கேட்பீர்கள். நாளுக்கு 5 கிலோ வைக்கோல் தின்னும் நாம்பனுக்கு 4 கிலோ யூரியா 20 நாளைக்கு வரும். அதன் நைதரசனில் ஒரு பகுதி சாணமாகவும் மூத்திரமாகவும் உங்கள் எருக்குழிக்கே திரும்புகின்றது. அதற்கும் மனமில்லாதவர் வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவை வெட்டி, அரைநாள் வாடவிட்டு, வைக்கோலோடு போடுங்கள். அவ்விலையின் உலர் எடையிற் புரதம் 20 வீதத்துக்குக் குறையாது. அதற்குச் செலவு ஒரு கத்தியும் சிறிது நேரமும் மட்டுமே.

அடுத்தது நெற்குவியல். அறுவடை இயந்திரம் வந்தபின் நெல்லை வீதியோரத்திலும் வெளிகளிலும் காயப்போடுகிறோம். கட்டவிழ்ந்த மாடு இரவில் அதிலே வயிறுமுட்டத் தின்றுவிடுகின்றது. கலியாண வீட்டிலும் அன்னதானத்திலும் மிஞ்சிய சோற்றை, வீணாகாதென்று எண்ணி, அண்டா அண்டாவாக மாட்டுக்கு வைப்பவர்களும் உளர். இரண்டும் ஒரே தீங்கைச் செய்வன. மாப்பொருள் பெருவயிற்றில் மிக விரைவாக நொதித்து இலக்ரிக் அமிலம் பெருகும். அப்புளிப்பில் நாரைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் மடியும். புளிப்பை உண்டாக்குவன மட்டும் செழிக்கும். இரத்தத்திலிருந்து நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். வயிறு நீராற் குலுங்க, உடலோ நீரின்றி வரளும். மாடு தீனை வெறுத்து, அசைபோடாது, புளிநாற்றமுள்ள கழிச்சலோடு தள்ளாடிப் படுத்துவிடும். ஒருநாள் இரண்டு நாளிற் சாகவும் கூடும்.

இந்நிலையில் புறோபயோற்றிக் பொட்டலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருப்பவர் மாட்டை இழப்பார். முன்னே நான் சொன்ன, இலக்ரிக் அமிலத்தை உண்ணும் பற்றீரியாக்களுள் மெகாஸ்பேரா எல்ஸ்டேனி என்பது தானியத் தீனுக்கு மாற்றும் நாளில், வருமுன் காப்பாகக் கொடுக்கப்படுவது. புளிப்பு முற்றியபின் அது மருந்தாகாது. மாடு நெல்லோ சோறோ அளவுக்கு மிஞ்சித் தின்றது தெரிந்தவுடன், நோய்க்குறி தோன்றும்வரை பாராமல், மிருக வைத்தியரை அழையுங்கள். அவர் வரும்வரை தவிடோ பிண்ணாக்கோ வைக்காது, வைக்கோல் மட்டும் போடுங்கள். விற்பதற்கு முன் மாட்டைத் தேற்ற விரும்பித் தவிட்டையும் குருணலையும் கூட்டுபவர், சிறிதளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகவே கூட்டவேண்டும். அந்த இரண்டு மூன்று வாரமே பெருவயிற்று நுண்ணங்கிகள் புதிய தீனுக்குப் பழகும் காலம். பழக்கினால் அதற்கெனப் பொட்டலம் தேவைப்படாது.

வெளியிலிருந்து கொடுத்த நுண்ணங்கி உண்மையிலேயே ஒரு நாட்டின் மாடுகளைக் காத்த கதையும் ஒன்றுண்டு. அதனைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. நம் நாட்டிலும் வளரும் இபில் இபில் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அவுஸ்திரேலியாவில் அவ்விலையை மிகுதியாகத் தின்ற மாடுகள் மயிர் உதிர்ந்து மெலிந்தன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதையே தின்று நலமாயிருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அவுஸ்திரேலிய அறிஞர், அவ்வாடுகளின் வயிற்றில் அந்நஞ்சின் விளைபொருளைச் சிதைக்கும் பற்றீரியா ஒன்று வாழ்வதை அறிந்தார். 1980களில் அது அவுஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுக்கப்பட்டு, அவற்றின் வயிற்றில் நிலைத்தது. 1992ஆம் ஆண்டில் அப்பற்றீரியாவுக்கு அவர் பெயரைச் சேர்த்து சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை எனப் பெயரிட்டனர். அந்த மாடுகளிடம் இல்லாத ஒரு வேலைக்காரனை, அவனுக்கு வேண்டிய தீன் தயாராக இருந்த இடத்துக்கு அனுப்பினார்கள்; அதனால் அது பலித்தது.

கன்றுகளின் நிலை வேறு. பால்குடிக் கன்றின் பெருவயிறு இன்னும் வளரவில்லை. குடலில் நல்ல பற்றீரியாக்கள் நிலைகொள்ளும் காலம் அது. தாயைப் பிரித்த கன்று, தூர இடத்திலிருந்து லொறியில் ஏற்றிவந்த கன்று ஆகியவற்றுக்கு இப்பொருள்கள் உதவக்கூடும். ஆயினும் கழிச்சல் கண்ட கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பே. உப்பும் குளுக்கோசும் கலந்த நீரே அதற்கு முதல் உதவி.

இவ்வளவு கேட்டபின்னும் வாங்க விரும்புபவர், எந்த நுண்ணங்கி, எத்தனை, எத்தேதிவரை உயிரோடிருக்கும் என்பவற்றை உறையில் வாசித்து வாங்குங்கள். அவை எழுதப்படாத உறையை வாங்கவேண்டாம். தகரக் கூரையின் கீழே வெயிற் சூட்டில் வைத்தால் உள்ளே இருப்பவை செத்துவிடும். கொதிக்கும் தவிட்டுக் கஞ்சியிற் கலந்தால் மதுவம் மாள்வது நிச்சயம், ஆறவைத்தே கலக்கவேண்டும்.

பலன் உண்டா என்று அறிய, ஒத்த வயதும் எடையுமுள்ள நாம்பன்களிற் சிலவற்றுக்குக் கொடுத்து, சிலவற்றுக்குக் கொடாது, மற்றைத் தீனெல்லாம் ஒன்றாகவே வையுங்கள். மாதம் ஒருமுறை, காலையில் தீனும் நீரும் காட்டுமுன், தையல் நாடாவால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்புவரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கி, 10,840 ஆற் பிரித்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். நாடா முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே படவேண்டும். அளக்கும்போது மாடு நான்கு காலையும் சமமாக ஊன்றி நிற்கவேண்டும்.