தொப்பி வைத்த ஸ்வெட்டர்

குழந்தைக்குத் தொப்பி வைத்த ஸ்வெட்டர் பின்ன ஒரு குரோஷா ஊசியும் உல்லன் நூலும் போதும். முன்பக்கம், முதுகு, இரண்டு கை எல்லாமே நீள்சதுரத் துண்டுகள்தான். தொப்பியும் அப்படியே. நீளத் துண்டை இரண்டாக மடித்துப் பின் ஓரத்தைத் தைத்து, கழுத்தோடு இணைக்க வேண்டியதுதான்.

எடுத்த எடுப்பில் தொடங்கிவிடாதீர்கள். முதலில் கையகலச் சதுரம் ஒன்று பின்னி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணுங்கள். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்த்தி. அந்தக் கணக்கை வைத்தால்தான் மார்பளவு சரியாக வரும்.

தொப்பிக்கு நாடா மட்டும் கோக்க வேண்டாம். சறுக்குமரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே இதை எச்சரித்திருக்கிறது. நாடாவுக்குப் பதில் ஒரு பொத்தானை இறுகத் தைத்துவிடுங்கள்.